நாலாவது வரியில் கொஞ்சம் நில்

தமயந்தி டீச்சர், உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். எனக்குப் பொய் வராது. பன்னிரண்டு வருஷம் கான்வென்டில் படித்தவள் நான். பொய் சொன்னால் உள்ளங்கையில் ஸ்கேலின் விளிம்பால் அடி விழும்.

நான் விமலி. மூன்றாம் வகுப்பு செலினின் அம்மா. பிப்ரவரி மாதம் பள்ளிக்கூட வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் உங்களைப் பார்த்துக் கத்தினேனே, அந்த விமலிதான். தலைமையாசிரியையிடம் உங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்ததும் நான்தான். அதை உங்களிடம் காட்டினார்களா, தெரியாது. காட்டியிருந்தால் கையெழுத்தைப் பார்த்திருப்பீர்கள். இதைவிட நன்றாக இருந்திருக்கும். இது ராத்திரி விளக்கில் எழுதுவது.

செலினின் அப்பா மில்லில் நைட் ஷிஃப்ட். செலின் தூங்கிவிட்டாள். பகலில் எழுதலாம் என்றால் அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "என்னம்மா எழுதுற?" என்று கேட்கிறாள். பேனா உரசுகிற சத்தம் அவளுக்குக் கேட்கிறது.

கோபம் எதற்கு என்று உங்களுக்கே தெரியும். செவ்வாய், வியாழன் மட்டும் வருகிற டீச்சர் நீங்கள். கண் தெரியாத பிள்ளைகள், காது கேட்காத பிள்ளைகளுக்கான டீச்சர் என்றார்கள். "நம்ம ஸ்கூல்ல அப்படி யாருடி இருக்கா? சும்மா சம்பளம்" என்று கேட் பக்கத்தில் நின்று மற்ற அம்மாக்களிடம் சொல்லிச் சிரித்தேன். வந்த இரண்டாவது வாரமே என் பிள்ளையைக் கூப்பிட்டு, வராந்தாச் சுவரில் தொங்குகிற கண் பரிசோதனைச் சார்ட்டுக்கு முன்னால் நிறுத்தினீர்கள். முதல் ரேங்க் வாங்குகிற பிள்ளை டீச்சர் அவள். முதல் ரேங்க். அவளை ஏன் கூப்பிட்டீர்கள்?

இருங்கள். அந்தச் சார்ட்டைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும்.

அதற்கு முந்தின ஜூன் மாதம். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் என்று போயிருந்தோம். திங்கள்கிழமை கண் பரிசோதனை, எல்லாப் பிள்ளைகளும் வர வேண்டும் என்று அறிவித்தார்கள். சார்ட்டை அன்றைக்கே மாட்டிவிட்டார்கள். மேலே பெரிதாக ஒரே எழுத்து. கீழே போகப் போகச் சின்னதாகிக்கொண்டே போகும். கூட்டம் நடக்கும்போதே பாத்ரூம் போவதாகச் சொல்லி எழுந்து வந்து, கூட்டத்து நோட்டீஸின் பின்பக்கத்தில் அந்த எழுத்துகளை வரிசையாக எழுதிக்கொண்டேன். ஒன்றுகூட விடாமல்.

பொய் இல்லை டீச்சர் இது. பரீட்சைக்குத் தயார் பண்ணுவது பொய்யா? எங்கள் சிஸ்டர் பெனடிக்டா சொல்வார்கள், மனப்பாடம் பண்ணினவளுக்குப் பயம் கிடையாது என்று. நான் அப்படித்தான் படித்தேன். அர்த்தம் தெரியாமலே நீளநீளமாக ஒப்பித்து மெடல் வாங்கியிருக்கிறேன்.

செலின் புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு படிப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இடது பக்கமாக வந்து நின்றால் யார் என்று கேட்பாள். வெயிலில் இறங்கினால் கண்ணில் தண்ணீர் கொட்டும். "கண்ணாடி போட்டா முடிஞ்சிது. இதுக்குப் போய் ஏன்டி பிள்ளையை வாட்டுற?" என்றார் அவர். என் வீட்டுக்காரர் சேசுராஜ், எல்லாமே கண்ணாடி போட்டால் முடிந்துவிடும் என்று நினைக்கிற மனுஷர். கண்ணாடியோடு நிற்காது என்று எனக்கு உள்ளே ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. நின்றுவிட்டால் சரி. நிற்கவில்லை என்றால்? தூர ஊரில் கண் தெரியாத பிள்ளைகளுக்கான ஹாஸ்டலில் கொண்டுபோய் விடச் சொல்வார்களே? அப்படி யாரும் சொல்லவில்லை. நானே கேட்டுக்கொண்டு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தேன். முதல் வரி, ப. இரண்டாவது வரி, ட, ர. மூன்றாவது, ம, ச, ப. பாட்டு மாதிரி ராகம் போட்டுவிட்டேன். எட்டு வரியும் ஒரு பொழுதில் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது, இவ்வளவு வேகமாகச் சொன்னால் சந்தேகம் வருமே என்று. "நாலாவது வரியில கொஞ்சம் நில்லுடா. கண்ணைச் சுருக்கு. யோசிச்சிட்டுச் சொல்லு. அப்பத்தான் நம்புவாங்க." அதையும் படித்துக்கொண்டாள். இடது கண்ணுக்கு ஒரு இடத்தில் தடுமாற வேண்டும், வலது கண்ணுக்கு வேறு இடத்தில். அதையும்தான். ஏழு வயது.

திங்கள்கிழமை நான் வராந்தாத் தூண் ஓரமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பரிசோதிக்க வந்திருந்த தம்பி குச்சியால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். தட்டுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டு அவள் சொன்னாள். நாலாவது வரியில் நின்றாள். கண்ணைச் சுருக்கினாள். "சபாஷ், கழுகுக் கண்ணு!" என்றார் அவர். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அவளுக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது பால்கோவாக் கடைப் பக்கம் போக முடியவில்லை.

அதற்கப்புறம் வருஷம் முழுக்க அதே வேலைதான். அதே வகுப்பில் படிக்கிற ஷாஜியின் நோட்டைச் சாயந்திரம் வாங்கி வருவேன். போர்டில் எழுதிப் போட்டதையெல்லாம் நான் வாசிக்க அவள் கேட்டு ஒப்பிப்பாள். மறுநாள் வாசிக்கப்போகிற பாடத்தை முந்தின நாளே ஏற்றிவிடுவேன். எந்த இடத்தில் பக்கம் திருப்ப வேண்டும் என்பது உட்பட. வகுப்பில் எழுந்து வாசித்தால் அவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று டீச்சர்களே சொல்வார்கள். கேட்டிலிருந்து வகுப்புக்கு எத்தனை அடி, குழாய்க்கு எத்தனை அடி, எல்லாம் கணக்கு. என் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று நானே நம்பிவிட்டேன். அவள் களைத்துப்போய்ச் சாப்பிடும்போதே தூங்கிவிடுவாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை, களைப்பு இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். லீமா என்று ஒருத்தி எங்கள் கான்வென்ட் போர்டிங்கில் இருந்தாள். பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. வெளியூரிலிருந்து யாராவது பார்க்க வந்தால் முதலில் லீமாவைத்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பாடுவாள். வந்தவர்கள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைப்பார்கள். நாங்கள் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்திருந்தோம். "ரேடியோவைப் போடுங்கடி" என்றால் அவளும் சிரிப்பாள். சாப்பாட்டு ஹாலில் அவளுக்கென்று ஒரு ஸ்டூல், ஜன்னலிலிருந்து மூன்றாவது. ஒருநாள் அதை யாரோ பின்னால் நகர்த்தி வைத்துவிட்டார்கள். அவள் வழக்கம்போல உட்காரப் போய், முன் பல் இரண்டும் சாப்பாட்டு மேஜை விளிம்பில் இடித்து உடைந்துவிட்டது. யார் செய்தது என்று சிஸ்டர் கேட்டபோது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

நான்தான் டீச்சர். பதினெட்டு வருஷமாகிறது, யாரிடமும் சொன்னதில்லை. விளையாட்டுக்குத்தான் செய்தேன். பிள்ளைகள் விளையாட்டுக்கு என்னவெல்லாம் செய்யும் என்று எனக்குத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். என் மகளை யாரும் ரேடியோ என்று கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

இந்த நிலைமையில்தான் நீங்கள் வந்து அவளைச் சார்ட் முன்னால் நிறுத்தி, "கீழேயிருந்து மேலே சொல்லு பாப்பா" என்றீர்கள்.

ஷாஜியின் அம்மா அங்கேதான் நின்றாளாம். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். செலின் இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு, விரலில் எண்ணி எண்ணிக் கடைசி எழுத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாளாம். கண்ணை மூடிக்கொண்டு சார்ட் வாசித்த பிள்ளை உலகத்திலேயே என் பிள்ளை ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அடுத்த தடவை வந்தபோது என்னை வரச்சொன்னீர்கள். "ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீங்க அம்மா, மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றீர்கள். கூடவே அவளுக்கென்று ஒரு நோட்டும் கொடுத்தீர்கள். மார்க்கர் பேனாவால் பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடு போட்ட நோட்டு. மேஜையில் சாய்த்து வைக்கிற ஒரு பலகை. முன் பெஞ்சில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடுவில் அதை வைத்தீர்கள். "என்னடி இது, என்னடி இது" என்று பிள்ளைகள் மொய்த்துக்கொண்டன. எனக்கு அந்த ஸ்டூல்தான் தெரிந்தது. அந்த ஜன்னலிலிருந்து மூன்றாவது ஸ்டூல். "என் பிள்ளையைக் குருடியாக்கப் பாக்குறியா? உன் வேலையைக் காப்பாத்த உனக்கு ஒரு பிள்ளை வேணுமா?" என்று கேட்டேன். 'நீ' என்றுதான் கேட்டேன். நீங்கள் ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. அதுவும் எனக்குக் கோபம்.

அந்த நோட்டைப் பிரித்து, தாள்களை அடுக்களை அலமாரித் தட்டுகளில் விரித்து மேலே டப்பாக்களை வைத்துவிட்டேன். வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான்.

ஏப்ரல் மாதம் ஈஸ்டருக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தோம். அவள் ஷாஜி வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். சுவர் காயட்டும் என்று கட்டிலை வாசல் பக்கமாக இழுத்துப் போட்டோம். நான் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வழக்கம்போல ஓடி வந்திருக்கிறாள். வாசலிலிருந்து ஒன்பது அடி ஓடினால் அடுக்களை. அது அவள் கணக்கு. நாலாவது அடியிலேயே கட்டில் சட்டம் நெற்றியில்.

ரத்தத்தைப் பார்த்து நான் கத்துகிறேன். அவள் அழவில்லை டீச்சர். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "சொல்லாம மாத்திட்டியேம்மா."

தையல் போட்ட டாக்டர் சும்மா டார்ச்சை அடித்துக் கண்ணைப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். அன்றைக்கே மதுரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

மதுரையில் சின்ன வயசு லேடி டாக்டர். விளக்கை அணைத்து, செலினை நாற்காலியில் உட்கார வைத்து, "எதிர்ல என்ன தெரியுதுன்னு சொல்லணும், சரியா?" என்றார். சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார். போடுவதற்குள் இவள் ஆரம்பித்துவிட்டாள். "ப. ட, ர. ம, ச, ப." நாலாவது வரியில் நின்றாள். கண்ணைச் சுருக்கினாள். மறுபடி சொன்னாள்.

டாக்டரின் கை சுவிட்சிலேயே இருந்தது. போர்டில் வெளிச்சம் வரவே இல்லை. அறை முழுக்க இருட்டு.

"இதை யாரு பாப்பா சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல டாக்டர். தெரியுது, வாசிக்கிறேன்."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இருட்டிலும் காட்டிக்கொடுக்கவில்லை. டாக்டர் சுவிட்சைப் போட்டார். எழுத்தே இல்லை, எல்லாம் நம்பர்கள். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நான் இருக்கிற பக்கம் என்று நினைத்துக் கதவுப் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, இதை நீ சொல்லித் தரலையே."

கண்ணில் நீர் அழுத்த நோயாம். பிள்ளைகளுக்கும் வருமாம். உள்ளே அழுத்தம் கூடிக்கூடி நரம்பைத் தின்றுவிடுமாம். தின்றது திரும்பாதாம். இடது கண்ணில் இனி வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியுமாம். வலது கண்ணில் நடுவில் கொஞ்சம் மிச்சம். "போன ஜூன்லயே வந்திருந்தா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அப்ப இடது கண்ணைக் கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாம். இப்ப அதைப் பேசி என்னம்மா ஆகப்போகுது?" என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

நான் இன்னும் விஷயத்துக்கு வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலது கண்ணில் இருக்கிற மிச்சம் எவ்வளவு என்று சரியாகத் தெரிந்தால்தான் ஆபரேஷனா, சொட்டு மருந்தே போதுமா என்று முடிவு பண்ண முடியுமாம். அதற்கு ஒரு மெஷின் இருக்கிறது. குண்டான் மாதிரி. அதற்குள் தலையை வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே இங்கே சின்னப் புள்ளியாக வெளிச்சம் வரும். தெரிந்தால் கையில் இருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். தெரியவில்லை என்றால் சும்மா இருக்க வேண்டும். இவ்வளவுதான். இரண்டு தடவை செய்து பார்த்தாயிற்று, இரண்டும் வீண். "வெளிச்சம் வராதப்பவும் அமுக்குறாம்மா. நாங்க என்னன்னு எடுத்துக்கிறது?" என்கிறார்கள்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன், ஏன்டா அப்படிச் செய்தாய் என்று. அவள் ரகசியம் மாதிரி என் காதில் சொன்னாள்: "பயப்படாதம்மா. எல்லாத்தையும் வேகமா அமுக்கல. நடுநடுவுல கொஞ்சம் நின்னு நின்னுதான் அமுக்கினேன்."

முன் சீட்டில் இருந்த அவருக்குத் தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வந்தேன், அருப்புக்கோட்டை வரைக்கும்.

அதற்கப்புறமும் என் புத்தி எங்கே போனது பாருங்கள். போன வாரம் குளித்துவிட்டு வந்து, "செலின், அம்மா இன்னைக்கு என்ன கலர் சேலை?" என்று கேட்டேன். "நீலம். உனக்கு நல்லா இருக்கும்மா" என்றாள். நீலம்தான்! அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. சேசுராஜைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்தச் சேலை பார்டர் சொரசொரன்னு இருக்கும்டி. பதில் சொல்றதுக்கு முன்னாடி தொட்டுப் பார்த்தா" என்றார். தினமும் தொட்டுப் பார்ப்பாளாம். இதெல்லாம் அவருக்கு எப்போதிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.

இன்றைக்குச் சாயந்திரம் மிளகாய்த்தூள் டப்பாவைக் கழுவ எடுத்திருந்தேன். அலமாரித் தட்டு கொஞ்சம் காலியாக இருந்தது. செலின் அங்கே போய் நின்றாள். மூக்கைத் தட்டில் வைத்தாள். நான் அவளை ஒன்றும் கேட்கவில்லை டீச்சர். கேட்கவே இல்லை. அவளாகச் சொன்னாள். "அம்மா, இங்க ஒரு கோடு. இந்தா இன்னொரு கோடு. மூணு." விரலை வைத்துக் கோட்டின் மேலேயே இழுத்தாள். விலகவில்லை. "கறுப்பா இருக்கும்மா. ஏன் நீ எனக்கு இந்தப் பேப்பரைத் தரல?"

நான் கேட்காமல் அவள் சொன்ன முதல் பதில் அது. உங்கள் நோட்டு. மேலே எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை. எல்லாத் தாளையும் உருவி எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். பதினாலு தாள் தேறும்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது தடவை அந்தச் சோதனை. "இந்தத் தடவையும் இப்படின்னா நாங்க குத்துமதிப்பாத்தான் முடிவெடுக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். குத்துமதிப்பாக. இருக்கிற கொஞ்சத்தையும். அவளுக்குப் பயமில்லாத யாரையாவது கூட்டி வாருங்கள் என்றார் டாக்டர். திரைக்கு வெளியே நின்றாலும் நான் நிற்பது அவளுக்குத் தெரிகிறது. என் செருப்புச் சத்தம், என் பெருமூச்சு, எல்லாம் தெரிகிறது. அப்பா போனால் அவர் அழுவார், அவரை இவள் தேற்றுவாள்.

அதனால் தூங்கப் போகும்போது அவளிடமே கேட்டேன், வெள்ளிக்கிழமை யாரோடு போகிறாய் என்று. கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"கீழேயிருந்து மேலே கேட்டாங்களே, அந்த டீச்சர்."

"ஏன்டா?"

"அன்னைக்குப் பாதியில மறந்துபோச்சு. தெரியலைன்னு சொன்னேன். அவங்க திட்டல. தெரியலைங்கறதும் பதில்தான்னு சொன்னாங்க." போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, "உங்கிட்ட சொல்லாதீங்கன்னு நான்தான் அவங்ககிட்ட கேட்டுக்கிட்டேன்" என்றாள்.

நீங்கள் சொல்லவில்லை. நான் அவ்வளவு கத்தியபோதும் சொல்லவில்லை.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன், அது இன்னும் எழுத வரவில்லை. கோபமும் முழுசாகப் போகவில்லை. எதற்கென்றுதான் இப்போது தெரியவில்லை. தலைமையாசிரியையிடம் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கட்டிலைப் பழைய இடத்திலேயே போட்டுவிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை பஸ். அவளுக்கு ஜன்னல் ஓரம் கொடுங்கள், காற்று முகத்தில் அடிக்க வேண்டும் அவளுக்கு. நான் அடுத்த பஸ்ஸில் வருகிறேன். ஆஸ்பத்திரிக்குள் வர மாட்டேன். எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை இருக்கிறது, அங்கே உட்கார்ந்திருப்பேன்.

அவள் தெரியலை என்று சொல்லட்டும் டீச்சர். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லட்டும். எனக்குக் கேட்காத தூரத்தில்தான் நான் இருப்பேன்.